மழையில் லோஃபோடன்: சின்ன வேனா, பெரிய மோட்டார்ஹோமா?

போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் ஆகஸ்டில் ஒரே சாலையில் நார்வேயின் லோஃபோடன் தீவுகளுக்குப் போய் வந்தோம். முதல் முறை ஐந்தரை மீட்டர் கேம்பர்வேன் (படுக்கையும் அடுப்பும் வைத்த வேன்), அடுத்த முறை ஏழு மீட்டர் மோட்டார்ஹோம் (சக்கரத்தின் மேல் ஒரு சின்ன வீடு). இரண்டும் வாடகைக்கு எடுத்தவை. நான், மனைவி, எட்டு வயது மகள் என மூன்று பேர். எங்களுக்கு வீடு வடக்கு ஸ்வீடனின் லூலியோவில். அங்கிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால் தோரே என்ற ஊரில் ஈ10 சாலை பிரிகிறது. யெல்லிவாரே, கிருனா, அபிஸ்கோ வழியாக நார்வேக்குள் நுழைந்து, லோஃபோடன் தீவுகளின் தென்கோடியில் ‘ஓ’ என்று ஒற்றை எழுத்தில் பெயர் கொண்ட ஊரில் அது முடிகிறது. 2007 டிசம்பரில் லோஃபாஸ்ட் இணைப்புச் சாலை திறந்ததிலிருந்து படகு ஏறாமலே கடைசி வரை ஓட்டிப் போகலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழையில் போவதென்றால் பெரிய வண்டிதான். மழையே வராத ஒரு வாரம் கிடைக்கும் என்று நம்பி அந்தப் பக்கம் கிளம்பவும் முடியாது. வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீரோட்டத்தின் மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் தென்மேற்குக் காற்று, கடலிலிருந்து நேராக எழும் மலைகளில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. நார்வேயில் எல்லோரும் நம்பிப் பார்க்கும் வானிலைச் சேவைக்குப் பெயரே ‘யூர்’. அந்தச் சொல்லுக்குத் தூறல் என்று பொருள்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சின்ன வேன் கார் மாதிரி ஓடும், ரைனே மாதிரி நெரிசலான ஊரிலும் நிறுத்த இடம் கிடைக்கும், டீசல் குறைவாகக் குடிக்கும். எங்கள் கணக்கில் பெரிய வண்டியின் வாடகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வந்தது. படகுகளில் நீளத்தை வைத்துக் கட்டணம் போடுவதால் அங்கேயும் சின்னதற்குத்தான் லாபம். பெரியதில் தனிக் குளியலறை, மடக்க வேண்டாத படுக்கை, நிமிர்ந்து நின்று சமைக்க இடம். இவ்வளவுதான் என்றால் நான் வேனையே மறுபடி எடுத்திருப்பேன்.

ஆனால் ஈரத் துணி என்று ஒன்று இருக்கிறது.

முதல் பயணத்தின் நான்காம் நாள் குவால்விகா கடற்கரைக்கு நடந்து போனோம். ஒரு கணவாயைத் தாண்டி இறங்கினால் இருபுறமும் பாறைச் சுவர், நடுவில் வெண்மணல். போகும்போது தூறல், திரும்பும்போது நல்ல மழை. வேனுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மழைக்கோட்டு, மூன்று கால்சட்டை, மூன்று ஜோடிக் காலணி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. மாட்ட இடமில்லை. ஸ்டியரிங்கில் ஒன்று, முன் இருக்கையின் முதுகில் இரண்டு, கதவுக் கைப்பிடியில் மிச்சம். வெளியே எட்டு டிகிரி, மழை. எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடி, ஹீட்டரைப் போட்டு, அரிசி வேக வைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

காலையில் முன் கண்ணாடியின் உட்புறம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் நசநசவென்று ஈரம். கூரையின் இரும்புச் சட்டத்திலிருந்து மகளின் தலையணையில் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தது. அடுத்த நாளும் அதே கதை. ஆறாம் நாள் வண்டிக்குள் ஏறினாலே மக்கிய வாடை. மனைவி மெதுவாகத்தான் சொன்னாள்: “இன்னைக்கு ராத்திரி பாப்பாவை இதுல படுக்க வைக்க வேணாங்க.” அன்று கையில் இருந்த பணத்தைப் பார்க்காமல், இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் முகாம் ஒன்றில் மரத்தால் கட்டிய வாடகை வீடு ஒன்றை எடுத்தோம்.

அந்த முகாமில் பக்கத்து வண்டியிலிருந்த ஒரு வயதான நார்வேப் பெண்மணி எங்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து, ஹீட்டரை அதிகமாக்கிக் கூரைத் திறப்பைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னார். மழையில் திறப்பதா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஐப்பசி மழையில் சென்னை வீட்டு ஜன்னலைத் திறந்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து நமுத்துப்போகும். அந்தப் பழக்கத்தில்தான் நாங்கள் எல்லாவற்றையும் மூடியிருந்தோம். குளிர் நாட்டு மழை அப்படி இல்லை. ஆறு டிகிரிக் காற்று முழுக்க ஈரம் ஏறியிருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம் நீராவிதான் வைத்திருக்கும். அதே காற்று 22 டிகிரிக்குச் சூடானால் 19 கிராம் வரை தாங்கும். அதாவது மழைக்காற்றை உள்ளே விட்டுச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 35 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் காற்று துணியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கூரை வழியாக வெளியே போக வேண்டும். சூடு மட்டும் இருந்து வழி இல்லையென்றால், துணியிலிருந்து கிளம்பிய ஈரம் கண்ணாடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

குளிர்க்காற்றுக்குக் காய வைக்கும் சக்தி உண்டு என்பதற்கு லோஃபோடன் முழுக்கச் சாட்சி நிற்கிறது. பிப்ரவரி முதல் மே வரை காட் மீனை மரச் சட்டங்களில் தொங்கவிட்டு உப்பே போடாமல் கருவாடாக்குகிறார்கள். உறையும் நிலையை ஒட்டிய குளிரும் ஓயாத காற்றும் போதும். ஆகஸ்டில் அந்தச் சட்டங்கள் காலியாக நிற்கும். மழையில் நனைந்தபடி அவற்றைக் கடந்துதான் போனோம்.

சரி, திறந்து வைத்தால் போதும் என்றால் சின்ன வேனே போதுமே என்று கேட்கலாம். நானும் மிச்ச நாட்களில் அப்படிச் செய்து பார்த்தேன். கண்ணாடி தெளிந்தது, துணி காயவில்லை. காரணம் இடம். வேனில் சமையல், படுக்கை, துணி எல்லாமே ஒரே அறை. ஈரக் கோட்டு படுக்கையை உரசிக்கொண்டு தொங்கும். துணி காயும் அளவுக்குச் சூடேற்றினால் தூங்க முடியாது, தூங்கும் அளவுக்குக் குறைத்தால் துணி காயாது.

மோட்டார்ஹோமில் இந்தச் சிக்கலைத் தீர்த்தது குளியலறை. கதவைச் சாத்தினால் அது தனி அறை. உள்ளே ஹீட்டரின் சூடான காற்று வரும் துவாரம் ஒன்று, கூரையில் ஒரு திறப்பு, துணி மாட்ட ஒரு கம்பி. ராத்திரி குளித்து முடித்ததும் தரையைத் துடைத்துவிட்டு மூன்று கோட்டையும் கால்சட்டைகளையும் மாட்டி, மற்ற துவாரங்களைப் பாதி மூடிச் சூட்டை அந்தப் பக்கம் திருப்பிவிட்டோம். காலையில் கோட்டுகள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. காலணிகளுக்கு மட்டும் இரண்டு இரவு ஆனது. அவற்றை வண்டியின் பின்புறச் சாமான் அறையில் வைத்ததால் வாடை உள்ளே வரவில்லை. ஜன்னல்கள் இரட்டை அடுக்கு அக்ரிலிக் என்பதால் அவற்றில் தண்ணீர் கோக்கவில்லை. ஓட்டுநர் பகுதியின் கண்ணாடி மட்டும் ஒற்றை. அதற்கு வெளியிலிருந்து போர்த்தும் விரிப்பு கட்டாயம் வேண்டும்.

சூட்டுக்கும் செலவு உண்டு. எங்கள் ஹீட்டர் புரோப்பேன் வாயுவில் ஓடியது. இரவு பகலாக ஓட்டினால் 11 கிலோ சிலிண்டர் நாலைந்து நாளுக்குத்தான் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன், அப்படியே நடந்தது. முகாமில் மின் இணைப்பு எடுத்த இரவுகளில் மின்சாரத்திலேயே ஓடும்படி மாற்றிவிட்டேன். எப்படியும் லோஃபோடனில் பெரும்பாலான இரவுகள் முகாமில்தான் போகும். நார்வேயில் இயற்கை வெளியில் யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம் என்ற உரிமை 1957 சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சாலையை விட்டு வண்டி ஓட்டுவதற்கு அது பொருந்தாது. சாலையோரங்களிலும் இரவில் நிறுத்தக் கூடாது என்ற பலகைகள் நிறைய.

பெரிய வண்டியில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. கிம்சோயா பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தபோது இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். ஃப்ரெட்வாங் பக்கத்துச் சின்னச் சாலைகளில் எதிரே இன்னொரு மோட்டார்ஹோம் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். சாதாரண கார் உரிமத்துக்கு 3,500 கிலோதான் எல்லை. நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ என்பதால் சாமான் ஏற்றும்போது கணக்கு வேண்டும். ஆறு மீட்டர் வேன்களிலும் குளியலறையோடு வருபவை இருக்கின்றன. மூன்றாவது வழியாக அவை நன்றாக இருக்கக்கூடும், நான் அவற்றில் பயணம் செய்ததில்லை. குளிர்காலப் பயணமும் எனக்குப் பழக்கமில்லை, அதனால் மேலே சொன்னதெல்லாம் கோடை மழைக்கு மட்டும்.

காரில் போய் மரவீடுகளில் தங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்பது உண்மை. அன்று எடுத்த வீட்டில் குளியலறைத் தரையே சூடாக இருந்தது, ஒரே இரவில் எல்லாம் காய்ந்தது. ஸ்வீடன் பக்கம் மலைவிடுதிகளில் துணி காய வைக்கத் தனி அறையே உண்டு. ஆனால் கோடையில் முன்பதிவு செய்துதான் போக வேண்டும். பதிவு செய்த ஊரில் மழை என்றால் மழையிலேயே இருக்க வேண்டியதுதான். இரண்டாவது பயணத்தில் மூன்று நாள் தொடர் மழை என்று யூர் காட்டியதும் நாங்கள் வண்டியைத் திருப்பினோம். நார்விக்கிலிருந்து அபிஸ்கோவுக்கு 80 கிலோமீட்டர்தான். மேற்கே உள்ள மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் அங்கே ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் பக்கம்தான் பெய்கிறது, ஸ்வீடனிலேயே மிக வறண்ட இடங்களில் அதுவும் ஒன்று. எல்லையில் ரிக்ஸ்கிரான்சென் வரை வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கிருந்து அரை மணி நேரத்தில் தூர்னே ஏரியின் மேல் வெயில்.

வாடகைக்கு இல்லாமல் சொந்தமாக வாங்குபவர்களுக்குக் கணக்கு மாறும். வேனின் உடல் தொழிற்சாலையில் அடித்த ஒரே இரும்புக் கூடு. அதற்குத் துருதான் முக்கியப் பகை. மோட்டார்ஹோமின் சுவரும் கூரையும் பலகை பலகையாக ஒட்டியவை, மழை உள்ளே புகுவது அந்த இணைப்புகளில்தான். கசிவு உத்தரவாதம் செல்ல வேண்டுமானால் வருடா வருடம் ஈரச் சோதனை செய்து சான்று வைத்திருக்கச் சொல்கிறார்கள். பழைய வண்டி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியதும் அந்தச் சான்றைத்தான்.

வரும் ஆகஸ்டுக்கும் ஏழு மீட்டர் வண்டியையே பதிவு செய்திருக்கிறோம். இந்த முறை வாடகை இடத்தில் நான் கேட்ட கேள்விகள் இரண்டே: குளியலறைக்குள் சூடான காற்று வருமா, அதன் கூரைத் திறப்பு மழையிலும் திறந்து வைக்கும்படி மூடியோடு இருக்கிறதா. இரண்டுக்கும் ஆம் என்றார்கள். சாவியை வாங்கும் முன் நேரில் திறந்து பார்த்துவிடுவேன்.