பெரியவரிடம் பவர் வாங்குகிறார்களா? செக்குபந்தி இருக்கிறதா என்று பாருங்கள்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பங்களில் இது ஒரே மாதிரிதான் நடக்கிறது. பெரியவருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. 'பேங்க், பென்ஷன் வேலைக்கு ஒரு பவர் போதும்பா' என்று, தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம் எழுத ஒரு பிள்ளை கூட்டிப் போகிறது. மற்ற பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும்போது வீடு மருமகள் பேருக்குத் தானமாகிப் போயிருக்கும்.

பென்ஷன் உயிர்ச்சான்றுக்கு ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்று போதும், பவர் தேவையில்லை. வங்கிக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கை மட்டும் குறிப்பிட்டு ஸ்பெஷல் பவர் எழுதலாம். அதில் வீட்டின் காத்தா எண்ணும் (சொத்துவரிப் பதிவு எண்) செக்குபந்தியும் (நான்கு பக்க எல்லை விவரம்) வந்தால், அது வங்கி வேலைக்கான பத்திரமே இல்லை.

கையெழுத்துக்கு முன்னால் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். க்ரய, தான, அடமான என்று காதில் விழுந்தாலே புரியும், நம் சொற்கள்தானே. கன்னடத்தில் 'மாராட்ட' என்றால் விற்பனை, அது தப்பிவிடும். நடக்க முடியாதவருக்காகப் பதிவு அதிகாரி வீட்டுக்கே வரலாம், ஆனால் வரிவரியாகப் படித்துக் காட்டுவார் என்று நம்பாதீர்கள்.

கொடுத்த பவரை விலக்க ரத்துப் பத்திரம் பதிவு செய்தாலே முடிந்தது என்று நினைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1872 ஒப்பந்தச் சட்டம் 208ஆம் பிரிவின்படி, ரத்து பவர் வாங்கியவருக்குத் தெரிந்த பிறகுதான் அவரைக் கட்டுப்படுத்தும்; சொத்தை வாங்குபவரையும் வங்கியையும் அவர்களுக்குத் தெரிந்த பிறகுதான். எனவே அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், வங்கிக்கு எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், கன்னட நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்புப் போடுங்கள். அசல் பவரையும் கேட்டு வாங்குங்கள். அது பவர் வாங்கியவர் கையில் இருக்கும்வரை புதிதாக ஒருவரிடம் நீட்டலாம். 'ரத்து செய்ய முடியாதது' என்ற வரியைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். சொத்தில் பவர் வாங்கியவருக்கே உரிமை இருந்தால்தான் 202ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

மறதி நோய் முற்றினால் சிக்கல் இரட்டிப்பு. 201ஆம் பிரிவின்படி பவர் தானாகவே முடிந்துவிடும், அதற்குப் பின் நடந்த விற்பனையை எதிர்க்கலாம். ஆனால் புத்தி எந்தத் தேதியில் தெளிவாக இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நரம்பியல் மருத்துவரின் சீட்டுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அந்த நிலையில் புதுப் பவர் எழுதுவதும் வீண்தான். நீதிமன்றம் வழியாகக் காப்பாளர் நியமனம்தான் வழி.

சந்தேகம் வந்துவிட்டால் கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானம் பதிவாகியிருந்தால் அதன் சான்றிட்ட நகலையும் பவரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பவரில் 'விற்க' என்று மட்டும் இருந்து, பவர் வாங்கியவர் தானம் கொடுத்திருந்தால், வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டிய வரி அதுதான்.