50 எம்எம் நல்ல லென்ஸ்தான், சுவர்தான் இடிக்கிறது

செம்பூர் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி: "கையில் இருப்பது நிக்கானின் சின்ன சென்சார் டிஎக்ஸ் பாடி. பின்னால் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேமுக்குப் போனாலும் உதவுமே, இப்போதே 50 எம்எம் வாங்கிவிடட்டுமா?" மும்பைக் கடைக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. அளந்து பார்த்தால் இல்லை.

நிக்கான் ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப்/1.8ஜி, டிஎக்ஸ், எஃப்எக்ஸ் (நிக்கானின் ஃபுல் ஃபிரேம்), எஃப்டிஇசட் அடாப்டர் (பழைய லென்ஸை மாட்ட உதவும் இணைப்பு) போட்ட இசட் மிரர்லெஸ் என்று மூன்றிலும் பல வருடம் உழைத்த லென்ஸ். 185 கிராம்தான். அப்பெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப்/2.8-க்கு மூடினால் சொக்க வைக்கும். எரிச்சல் எல்லாம் முதுகுக்குப் பின்னால் வரும் சுவரால்.

நிற்கிற ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க, சட்டத்துக்குள் 1.8 மீட்டர் உயரம் வேண்டும். கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தாலும் டிஎக்ஸில் இந்த 50-க்கு சுமார் 3.8 மீட்டர், அதாவது பன்னிரண்டரை அடி விலக வேண்டும். அதே லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் எட்டடி கேட்கும். டிஎக்ஸை விடச் சின்ன சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 50 என்றால் பதினேழு அடி! நம்ம ஊர் ஹாலே பத்துக்குப் பன்னிரண்டு. அதில் சோபா, பீரோ, எடுப்பவரின் உடம்பு எல்லாம் அடங்க வேண்டும். வளைகாப்புக்கு ஐந்து பேரை வரிசையாக உட்கார வைத்தால், எடுப்பவர் சமையலறைக்குள் நின்று நிலைப்படி வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

டிஎக்ஸுக்கு 35 எம்எம் எஃப்/1.8ஜி போட்டால் ஒன்பதடியில் முடிந்தது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 25. எஃப்/1.8 எல்லாவற்றிலும் அதே எக்ஸ்போஷர்தான் தரும். சென்சார் சின்னதாக ஆக, பின்னணி மங்கல்தான் குறையும்.

"பிறகு உதவும்" என்பதும் பாதிதான் உண்மை. டிஎக்ஸுக்கென்றே செய்த 35-ஐ 24 மெகாபிக்சல் எஃப்எக்ஸில் மாட்டினால் கேமரா தானே ஓரங்களை வெட்டி (கிராப் செய்து) சுமார் 10 மெகாபிக்சலாக்கிவிடும், சரி. அன்றைக்கு 35-ஐ விற்றுக்கொள்ளலாமே! கேனானில் சின்ன சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. விலை குறைவு என்று நிக்கானின் பழைய 50 எம்எம் 1.8டி-யை எடுத்தால், டி3000, டி5000 வரிசை கேமராக்களிலும் எஃப்டிஇசட்டிலும் ஆட்டோஃபோகஸ் கிடையாது. மோட்டார் லென்ஸில் இல்லை.

ஒன்றுக்கு மட்டும் 50-ஐ விட மனசு வராது. மாட்டுங்கா பூக்கடையில் மல்லிகை தொடுக்கும் விரல்கள். 45 செ.மீ. வரை நெருங்கினால் டிஎக்ஸ் சட்டத்தில் சுமார் 16 செ.மீ. அகலம்தான் விழும்: இரண்டு கை, ஒரு நார், ஒரு கண்ணி. எஃப்எக்ஸில் அதுவே 24 செ.மீ. ஆகி, கூடையும் தராசும் உள்ளே வந்துவிடும்.

ஆனாலும் டிஎக்ஸுக்கு முதல் லென்ஸாக 50 வேண்டாம், 35-தான்.

மும்பை ஃபோர்ட் பக்கம் செகண்ட் ஹேண்டில் பார்ப்பதானால், 1.8ஜி மாதிரி ஜி லென்ஸ் கழற்றிய நிலையில் அப்பெர்ச்சர் மூடியே இருக்கும். பின்பக்கம் இருக்கும் சின்ன லீவரை விரலால் தள்ளித் திறந்து பிடித்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். லீவர் விட்டதும் சட்டென்று மூடவில்லை என்றால் பிளேடில் எண்ணெய். சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. நாலு மாத மழையில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸ் அது. எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.