ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் பிரஸ்: ஒரு குளிர்காலம் தோட்டா நிரப்பிப் பார்த்ததில்

அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருந்தவரை பொதுவாக எங்களுக்குத் துப்பாக்கி கூடாது. கிரீன் கார்டு கையில் வந்த வருஷமே டிக்கா டி3எக்ஸ் டாக் ஏ1 ரைஃபிள் வாங்கிவிட்டேன். 6.5 கிரீட்மோர் வகைத் தோட்டா, 24 அங்குலக் குழல், குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிகள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு. கடைத் தோட்டாவில் 100 கஜத்தில் பத்துக் குண்டுகள் 1.2 அங்குலத்துக்குள் விழுந்தன. வேட்டைக்கு அது தாராளம். எனக்குத் தாளைத் தவிர வேறு எதையும் சுடும் எண்ணமில்லை. அதனால் தோட்டாவை நானே நிரப்பிப் பார்க்கலாம் என்று இந்தப் பிரஸ்ஸை, அதாவது பித்தளைக் கூட்டை அழுத்திச் சரிசெய்து குண்டு பதிக்கும் கைப்பிடி இயந்திரத்தை, வாங்கினேன். 400 டாலரைத் தாண்டியது. இதில் பாதிக் காசுக்குக் கீழே நல்ல பிரஸ் கிடைக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இதில் என்ன விசேஷம்? மற்ற பிரஸ்களில் டையை (கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) திருகி மாட்ட வேண்டும். இதில் டையின் வளையத்தைப் பள்ளத்தில் தள்ளினால் போதும், 'டிக்' என்று உட்கார்ந்துவிடும். கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் தேவையில்லை. இரண்டு தாடைகள் வந்து பித்தளைக் கூட்டின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். டையும் கூடும் இறுக்கிப் பிடிக்கப்படாமல் கொஞ்சம் ஆடும்படி விட்டிருக்கிறார்கள். ஆடினால் கோணிக்கொள்ளாதா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. நடப்பது நேரெதிர்: அந்த இடைவெளியில் இரண்டும் தாமாகவே ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடுகின்றன. குண்டு பதித்த தோட்டாக்களில் இருபதை எடுத்து டயல் கேஜில் உருட்டினேன். ஒன்றுகூட 0.002 அங்குலத்துக்கு மேல் கோணவில்லை.

கைப்பிடி தலைக்கு மேலே எழும்பும். கராஜில் மேசைக்கு மேலிருந்த அலமாரியைக் கழற்ற வேண்டியதாயிற்று. வாங்குமுன் மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பதிக்கவும் இதிலேயே வசதி உண்டு. நான் அதற்குத் தனியாக ஒரு கைக்கருவி வைத்திருக்கிறேன், விரலுக்கு உணர்வு தெரிகிறது.

முதல் நாளே ஒரு அசட்டுத்தனம் செய்தேன். லாபுவா கம்பெனியின் 6.5 கிரீட்மோர் கூடுகளில் பிரைமர் பொறி உள்ளே போகும் துளை 1.5 மில்லிமீட்டர்தான், வழக்கத்தைவிடச் சிறியது. நான் அதைப் படிக்காமல், பழைய பிரைமரை வெளியே தள்ளும் சாதாரண ஊசியோடு டையை மாட்டி இறக்கினேன். ஊசி துளைக்குள் சிக்கிக்கொண்டது; இழுத்ததில் வளைந்தும் போயிற்று. பிரஸ்மேல் குற்றமில்லை. மெல்லிய ஊசி வந்து சேர நான்கு நாள் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

மருந்து, அதாவது துப்பாக்கித் தூள், எச்4350. ஆஸ்திரேலியாவில் தயாராவது. வெயில் ஏறினாலும் வேகம் அதிகம் மாறாது என்று பெயர் வாங்கியது. பீனிக்ஸ் பக்கம் இருப்பவனுக்கு அது சின்ன விஷயமில்லை. எத்தனை கிரெயின் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் அளவு) என்று இங்கே எழுத மாட்டேன். என் குழலுக்குச் சரியானது உங்கள் குழலில் அழுத்தத்தை ஏற்றிவிடலாம். கையேட்டில் உள்ள குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள்.

கிரெயின் என்றால் எவ்வளவு என்று அம்மா போனில் கேட்டார். ஒரு குன்றிமணியில் கிட்டத்தட்ட பாதி என்றேன், உடனே புரிந்துவிட்டது. ஊரில் பத்தர் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தது ஏன் என்று எனக்குப் புரிந்ததும் இங்கேதான். நான் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு மருந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. தராசுதான் பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்ப டேப் ஒட்டியும் ஆயிற்று. மனைவி வந்து, "என்னங்க, அந்த ஃபேனை நிறுத்திட்டுப் பாருங்களேன்" என்றாள். முள் அப்படியே நின்றது.

சுட்டுப் பார்த்ததெல்லாம் பீனிக்ஸின் பென் ஏவரி சுடுகளத்தில். நான் இருக்கும் சாண்ட்லரிலிருந்து காரில் ஒரு மணி நேரம். நவம்பர் முதல் ஜனவரி வரை போனேன். முதல் மாதம் பெரும்பாலும் வீண். ஒவ்வொரு அளவிலும் மூன்று மூன்று குண்டு சுட்டேன். ஒன்றில் மூன்றும் 0.4 அங்குலத்தில் ஒட்டிக்கொண்டு விழுந்தன. படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அடுத்த வாரம் அதே மருந்து, அதே குண்டு, 0.9 அங்குலம். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "பத்து சுட்டுவிட்டு அப்புறம் பேசு" என்றார். கடுப்பாக இருந்தது. ஆனால் பத்துப் பத்தாகச் சுட ஆரம்பித்ததும், நான் பெரிய வித்தியாசம் என்று குறித்துவைத்ததில் முக்கால்வாசி வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது.

கடைசியில் தேறியது இது: 140 கிரெயின் குண்டு, குழலின் வரிகளுக்கு 0.020 அங்குலம் முன்னால் நிற்கும்படி பதித்தது. கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) ஒவ்வொரு முறையும் 0.002 அங்குலம் மட்டும் பின்னுக்கு. இந்த வேலையில் கோ-ஆக்ஸ் ஒரு முடி அளவுகூடப் பிசகவில்லை. டையைக் கழற்றி மறுபடி மாட்டினாலும் அதே அளவுதான் வருகிறது. பத்துக் குண்டுகள் 0.8 அங்குலம். வேகத்தின் திட்ட விலக்கம், அதாவது குண்டுக்குக் குண்டு வேகம் சராசரியிலிருந்து விலகும் அளவு, கடைத் தோட்டாவில் நொடிக்கு 14 அடி, இதில் 8. இரண்டையும் குண்டின் வேகத்தை அளக்கும் கார்மின் ஸீரோ கருவியில் பார்த்தேன்.

1.2-இலிருந்து 0.8. இதில் பிரஸ்ஸின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், கொஞ்சம்தான். நல்ல கூடும் குண்டும் அதைவிட அதிகம் செய்திருக்கும். ஆனால் தாளில் ஒரு குண்டு விலகி விழும்போது தோட்டா கோணலோ என்று நான் யோசிப்பதில்லை, என் தோளைத்தான் பார்க்கிறேன். மாதம் ஆயிரம் தோட்டா நிரப்புகிறவருக்கு இது சரிவராது. ஒவ்வொன்றாகத்தான் போகும், ஐம்பது முடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆகிறது.

இன்னொன்று, பழைய பிரைமர்கள் வெளியே சிதறாமல் ஒரு குழாய் வழியாக நேரே கீழே ஜாடிக்குள் விழுகின்றன. அந்தக் கரியில் ஈயம் உண்டு. வீட்டில் குழந்தை தவழ்ந்துகொண்டிருப்பதால், எனக்கு இந்தக் குழாய் ஒன்றுக்கே நூறு டாலர் கொடுக்கலாம் போலிருக்கிறது.