ரூபிக் டர்ட்: உப்புக்காற்று தின்ற எழுத்து

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் பெயர்களை அருகில் போய்ப் பார்த்தால், உப்புக்காற்றில் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்த பின்னும் அவற்றைப் படிக்க முடிவதற்குக் காரணம், எழுதியவர் ஒவ்வொரு கோட்டையும் அவ்வளவு தடிமனாக இழுத்திருப்பதுதான் என்பது விளங்கும். ரூபிக் டர்ட் என்ற எழுத்துருவும் அதே பலத்தில்தான் நிற்கிறது. புதுச்சேரியில் பெயர்ப் பலகையும் மெனு அட்டையும் வடிவமைத்துத் தரும் நான், ஒரு கடல் உணவகத்தின் வேலைக்காகச் சில வாரங்கள் இதை அன்றாடம் கையாண்டேன்.

இதன் தாய் எழுத்துரு ரூபிக். ரூபிக் கனசதுரத்தை வைத்து கூகுள் நடத்திய குரோம் கியூப் லேப் திட்டத்துக்காகப் பிலிப் ஹூபர்ட்டும் செபாஸ்டியன் ஃபிஷரும் அதை வடிவமைத்தார்கள். அதன் மூலைகள் இயல்பிலேயே சற்று மழுங்கியவை. அந்த வடிவங்களின் மேல் வெவ்வேறு தோற்றங்களை ஏற்றிப் பின்னாளில் வெளியான வரிசையில் டர்ட் ஒன்று. கூர்மையான மூலை கொண்ட எழுத்தில் தேய்மானத்தைக் காட்டினால் யாரோ மேலே மணலைத் தூவியது போலிருக்கும். இதில் மூலை ஏற்கெனவே தேய்ந்திருப்பதால், உள்ளே தெரியும் பொத்தல்களும் சிராய்ப்புகளும் அந்த எழுத்தின் வயதாகவே தோன்றுகின்றன. திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பதால் வணிக வேலைக்கும் கட்டணம் இல்லை.

புதுச்சேரியில் வேலை செய்பவருக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. நீலத் தகட்டில் வெள்ளை எழுத்தாகத் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து நிற்கும் தெருப் பலகைகளைப் பார்த்துப் பழகிய ஊர் இது. இங்கே மெனு அட்டையில் பிரெஞ்சு எழுத்தின் மேல் வரும் ஒரு சாய்கோடு விடுபட்டாலும் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. அலங்கார எழுத்துருக்கள் பலவற்றில் பிரெஞ்சுக் குறியீடுகள் இருப்பதில்லை. 'கஃபே' என்று பிரெஞ்சில் எழுதினால் கடைசி எழுத்து மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ரூபிக் டர்ட்டில் அந்தக் குறியீடுகள் இருக்கின்றன, அவையும் மற்ற எழுத்துகளைப் போலவே தேய்ந்திருக்கின்றன.

அளவில்தான் கவனம் வேண்டும். லேசர் பிரின்டரில் 12, 24, 48, 96 புள்ளி அளவுகளில் அச்சிட்டுப் பார்த்தேன். 12-இல் டோனர் தீர்ந்துபோன பக்கம் போலிருந்தது, 24-இல் அழுக்கு. 48-ஐத் தாண்டிய பிறகே சிராய்ப்பு சிராய்ப்பாகத் தெரிந்தது. ஆகவே கடையின் பெயர், சுவரொட்டித் தலைப்பு, டி-ஷர்ட்டில் இரண்டு மூன்று சொற்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உணவுப் பட்டியலையும் விலையையும் சாதாரண ரூபிக்கில் வைத்தால் குடும்ப ஒற்றுமையும் கெடாது. 'காஃபி' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது அடுத்தடுத்து வரும் இரண்டு எஃப்களிலும் ஒரே இடத்தில் ஒரே பொத்தல் விழுவது பெரிய பலகையில் கண்ணை உறுத்துகிறது. எழுத்தை அவுட்லைனாக, அதாவது திருத்தக்கூடிய வெறும் வடிவமாக மாற்றி, இரண்டாவதில் மட்டும் சில பொத்தல்களை மூடிவிட்டால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை.

கண்ணாடிக் கதவுக்கு வினைல் ஸ்டிக்கராக இதை வெட்ட முயன்றது என் தவறு. கடுகளவுத் துண்டுகளைப் பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரம் வெட்டித் தள்ளியது, ஆனால் அவற்றை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக உரித்தெடுக்க ஒரு பிற்பகல் போயிற்று; எழுத்தைக் கண்ணாடிக்கு மாற்ற உதவும் டிரான்ஸ்ஃபர் டேப்பை ஒட்டி இழுத்தபோது பாதி எழுத்து அதனோடு வந்துவிட்டது. ஃப்ளெக்ஸிலும் ஸ்கிரீன் பிரின்டிங்கிலும் இந்தத் தொல்லை இல்லை.

பெரிய குறை, இதில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே தமிழுக்கு எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவின் அனெக் தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டேன். அதன் தடிமனை 100 முதல் 800 வரை நகர்த்தலாம், அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் ஆங்கில எழுத்தின் கனத்துக்கு அதைக் கொண்டுவர முடிந்தது. தேய்மானத்தை நானே மேலே ஏற்றினேன். முதல் பிரதியில் 'வஞ்சிரம் வறுவல்' என்பதில் மகர மெய்யின் புள்ளியைச் சிராய்ப்பு தின்றுவிட்டு, 'வஞ்சிரம' என்று நின்றது. ஆங்கில எழுத்தில் எங்கே பொத்தல் விழுந்தாலும் எழுத்து அதேதான். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது. 'நண்டு' என்ற சொல்லில் வேறு சிக்கல்: ணகரத்தின் சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளி இந்தத் தடிமனில் ஏற்கெனவே குறுகிவிட்ட நிலையில், பக்கத்தில் விழுந்த ஒரு பொத்தல் இன்னொரு சுழியைப் போலத் தெரிந்தது. புள்ளிகளைத் தனி லேயரில் வைத்துக் கறை படாமல் காத்தும், சுழிகளுக்கு அருகே சிராய்ப்பை அழித்துவிட்டும், தண்டுகளிலும் கீழ்க்கோடுகளிலும் மட்டும் தேய்மானத்தை விட்டுவைத்தும் மூன்றாவது பிரதியில்தான் தமிழும் ஆங்கிலமும் ஒரே காற்றில் நின்று தேய்ந்தவை போல ஒன்றின.

இந்தத் தோற்றத்தைத் தமிழின் புள்ளியையும் சுழியையும் அறிந்த ஒருவர் முழு எழுத்துருவாகச் செய்து தந்தால் விலை கொடுத்து வாங்க நான் தயாராக இருக்கிறேன். அதுவரை ஆங்கில, பிரெஞ்சுத் தலைப்புகளுக்கு ரூபிக் டர்ட்டைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தமிழும் சேரும் வேலையென்றால் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.