ஏஎம்4-ஆ ஏஎம்5-ஆ? பட்ஜெட் கேமிங் பிசிக்கு எது

கோலாலம்பூர் லோயாட் பிளாசால கொட்டேஷன் பேப்பரோட கடை கடையா அலையுற தம்பிங்க எல்லாரும் கேக்குறது இதான். ஏஎம்4, ஏஎம்5ங்கிறது ஏஎம்டி கம்பெனியோட ரைசன் சிப்ப (ப்ராசஸர்) மதர்போர்டுல மாட்டுற சாக்கெட்டு, 4 பழசு, 5 புதுசு.

விலை
ஏஎம்4: ரைசன் 5 5600, பி550 போர்டு. டிடிஆர்4 ரேம் செகண்ட் ஹேண்ட்லயும் நெறைய கெடைக்கும்.
ஏஎம்5: ரைசன் 5 7600, பி650 போர்டு. டிடிஆர்5 மட்டும்தான் ஏறும், வீட்ல பழைய ரேம் இருந்தாலும் உதவாது.

சூடு
ரெண்டுமே 65 வாட்ஸ் சிப்பு, கூலர் பாக்ஸ்லயே வரும்.

அப்கிரேடு
ஏஎம்4: 2016ல வந்தது. கேமுக்கு 5800எக்ஸ்3டி சிப்பு வரைக்கும் போலாம், அதோட கதை முடிஞ்சிரும்.
ஏஎம்5: 2022ல வந்தது, 2027 வரைக்குமாச்சும் சப்போர்ட் உண்டுன்னு ஏஎம்டியே சொல்லிருக்கு, பின்னாடி பயாஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணி 9800எக்ஸ்3டி சிப்பு போட்டுக்கலாம், போர்டும் ரேமும் அப்படியே இருக்கும்.

இன்னொன்னு, 7600ல சின்னதா கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு, கிராபிக்ஸ் கார்டு அடுத்த மாச சம்பளத்துல வாங்குனாலும் ஸ்கிரீன்ல படம் வரும். 5600ல கார்டு இல்லாம ஒண்ணுமே தெரியாது.

படிக்கிற பசங்க, கையில காசு கம்மின்னா ஏஎம்4 எடுத்து மிச்ச ரிங்கிட்ட கார்டுல போடுங்க, கேம்ல அதான் பேசும். வேலைக்கு போறவங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம்னா ஏஎம்5தான். எது எடுத்தாலும் பவர் சப்ளைல மட்டும் காச கொறைக்காதீங்க, நல்ல 650 வாட்ஸ் இப்பவே வாங்கிருங்க.