எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பின் பேட் மாற்றக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பின்சக்கர டிஸ்க் பிரேக்கை மோட்டாரால் இறுக்கும் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உங்கள் காரில் இருக்குமானால், பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் தகடு) மாற்றுவது சின்ன வேலைதானே என்று எண்ணி, கண்ட பணிமனையில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பேட் தேய்ந்திருந்ததே தவிர வேறெந்தக் குறையும் இல்லாத என் காரின் இடப்பக்கப் பின் காலிப்பரை (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் பாகத்தை) கெடுத்துவிட்டு, "வயதானதால் மோட்டார் எரிந்துவிட்டது" என்று காரணம் சொல்லி, தாங்கள் கெடுத்த பொருளுக்கு மாற்றாகப் போட்ட புதிய காலிப்பரின் விலையையும் அதை மாட்டிய கூலியையும் என்னிடமே வசூலித்துக்கொண்டார்கள். அந்தப் பணிமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே தவறு எங்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடியது என்பதால், தவறு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் பயன் தரும்.

காலால் பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளி, பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. பார்க்கிங் பிரேக் சுவிட்ச்சை இயக்கும்போது இந்த ஆயிலுக்கு வேலை இல்லை. காலிப்பரின் முதுகில் பொருத்தப்பட்டுள்ள 12 வோல்ட் மோட்டார், பல்சக்கரங்களின் வழியாக உள்ளே இருக்கும் திருகுத்தண்டைச் சுழற்ற, தண்டின் மேலுள்ள நட் முன்னால் நகர்ந்து பிஸ்டனை உட்புறமிருந்தே நெட்டித் தள்ளுகிறது. மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் ஏறுவதைக் கொண்டு போதுமான இறுக்கம் வந்துவிட்டதைக் கணித்து, கட்டுப்பாட்டு யூனிட் அதை நிறுத்திவிடும். அழுத்தத்தால் தானாகப் பின்னோக்கிச் சுழலாத மரை என்பதால், மின்சாரம் நின்ற பிறகும் பிடி தளராது. பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் கார் சரிவில் நிற்கும்.

பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அதற்கேற்ப நட்டும் முன்னால் வந்தே நிற்கும். பார்க்கிங் பிரேக்கை விடுவித்தால் நட் சிறிதளவு பின்வாங்குமே தவிர, அடிவரை போகாது. புதிய பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை முழுவதும் உள்ளே தள்ளியாக வேண்டும். ஆனால் வழியில் நட் நிற்கிறது. ஆகவே காரின் கட்டுப்பாட்டு யூனிட்டோடு இணைக்கும் கருவியான ஸ்கேனரை மாட்டியோ, சில கார்களில் கொடுக்கப்பட்டுள்ள சுவிட்ச் முறையைப் பின்பற்றியோ, முதலில் பழுதுபார்ப்பதற்கென்றே உள்ள சர்வீஸ் மோடுக்குச் சென்று மோட்டாரைக் கொண்டே நட்டை அடிவரை பின்னிழுக்க வேண்டும். அதன் பிறகு பிஸ்டனைக் கிளாம்ப் கொண்டு நேராக அழுத்தினால் போதும், திருப்ப வேண்டியதே இல்லை. கேபிள் ஹேண்ட் பிரேக் உள்ள பல பின் காலிப்பர்களில், பிஸ்டனைத் திருகித் திருகித்தான் உள்ளே செலுத்த வேண்டும். அந்தப் பழக்கத்தில் கைதேர்ந்த மெக்கானிக், இங்கும் அதே கருவியை எடுத்துவிடுகிறார்.

என் காரில் அதுதான் நடந்திருக்கிறது. பில்லைப் பார்த்துச் சந்தேகம் வந்ததால், கழற்றிய காலிப்பரைக் கேட்டு வாங்கி, வேறொரு பணிமனைக்குக் கொண்டுபோனேன். பிஸ்டனின் முகப்பில் திருகும் கருவியின் முனைகள் வழுக்கிய வட்டக் கீறல்கள் பளிச்சென்று தெரிந்தன. அதைச் சுற்றியிருந்த ரப்பர் உறை, பிழிந்த ஈரத்துணிபோல முறுக்கிக்கொண்டு ஓரிடத்தில் கிழிந்திருந்தது. மோட்டாரைப் பிடித்திருந்த இரண்டு திருகுகளைக் கழற்றி, தனியே எடுத்து 12 வோல்ட் கொடுத்தபோது, எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட அந்த மோட்டார் சீரான ஓசையுடன் சுழன்றது! திருகுத்தண்டைச் சுழற்ற வேண்டிய பல்முனைதான் அசையவே இல்லை. மூடியைத் திறந்து பார்த்ததில் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றின் பற்கள் ஒரே பக்கமாக ஒடிந்திருந்தன. பிஸ்டனை வலுக்கட்டாயமாகத் திருப்பியபோது கூடவே திரும்பிய நட் தண்டில் இறுகி, அந்த விசை பின்வழியாகப் பல்சக்கரத்தில் இறங்கியதால் வந்த உடைவு இது என்று அந்த டெக்னீஷியன் விளக்கினார். வலப்பக்கப் பிஸ்டனில் ஒரு கீறல்கூட இல்லை. இடப்பக்கம் உடைந்த பிறகுதான் ஸ்கேனரைத் தேடியிருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஸ்கேனுக்கும் பில்லில் தனிக் கட்டணம் போட்டிருந்தார்கள்.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது, காரைத் திருப்பிக் கொடுத்த நிலை. பார்க்கிங் பிரேக் எச்சரிக்கை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தபோதே, "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஓடினால் சரியாகிற விஷயமல்ல அது. வேலை முடிந்ததும் சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்து, புதிய பேடின் தடிமனை யூனிட் அறிந்துகொள்ளும்படி மோட்டாரை முழுத் தூரம் ஓட்டி அளவீடு செய்ய வேண்டும். இடப்பக்கத்தில் அது செய்யப்படவே இல்லை. பார்க்கிங் பிரேக் வலச்சக்கரத்தை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. கார் பிரேக்குகளுக்கான ஐ.நா.வின் 13-எச் ஒழுங்குமுறை, முழுச் சுமையோடு 20 விழுக்காடு சரிவில், ஏற்றமானாலும் இறக்கமானாலும், பார்க்கிங் பிரேக் காரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. சூடான டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது பிடி குறைந்துவிடும் என்பதற்காக, நிறுத்திய சற்று நேரம் கழித்து மோட்டாரைத் தானாகவே மீண்டும் இறுக்கும் ஏற்பாடுகூடப் பல கார்களில் உண்டு. அவ்வளவு கவனத்தோடு வடிவமைத்த ஒன்றை ஒற்றைச் சக்கரத்தில் விட்டுவிட்டு, கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள்.

உடைந்த பாகத்தை மேசைமேல் வைத்துக் கேட்டபோது, "ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுத்தானே சார் வேலை செய்தோம்" என்றார் மேற்பார்வையாளர். பிரேக்கை விடுவிப்பதும் சர்வீஸ் மோடும் ஒன்றல்ல என்பதை வாடிக்கையாளர் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலையில் ஒரு பணிமனை இருக்கிறது. பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு ஸ்கேன் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். காலிப்பரின் விலையைக் கேட்டு எழுத்தில் முறையிட்டிருக்கிறேன். இன்றுவரை பதில் இல்லை.

உங்கள் மாடலைக் குறிப்பிட்டு, அதற்கான சர்வீஸ் மோடை எப்படி இயக்குவீர்கள் என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறிடம் பாருங்கள். மோட்டார் பழுது என்று சொன்னால், கழற்றி நேரடியாக மின்சாரம் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பல கார்களுக்கு மோட்டார் மட்டும் தனியாகவே கிடைக்கிறது, காலிப்பர் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. அப்படி மோட்டாரை மட்டும் மாற்றினாலும், காலிப்பரோடு அது சேரும் இடத்தில் புதிய ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டார்களா என்று பாருங்கள். பழையதையே போட்டால் தண்ணீர் புகுந்து மறுபடியும் செலவு வைக்கும். எச்சரிக்கை விளக்கு அணையாமல் காரை எடுக்காதீர்கள். அளவீடு செய்யப்பட்டது என்பதைப் பில்லிலேயே இரு சக்கரங்களுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகங்களையும் அப்போதே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.