பாம்பன் உப்புக்காற்றில் நாலு கேமரா: பதினெட்டு மாதத்துக்குப் பிறகு

2024 ஜூனில் கடைக்கு ஒரு சிசிடிவி செட் வாங்கி மாட்டினேன். இரண்டு மெகாபிக்சல் கேமரா நாலு, ரெக்கார்டர் பெட்டி ஒன்று, ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க், ஒயர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 18,600 ரூபாய். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன், வம்பு வேண்டாம். அதோடு இதே பெட்டி ஐந்தாறு பெயரில் கிடைக்கிறது; ஸ்டிக்கரைக் கிழித்தால் எல்லாம் ஒன்றுதான்.

கடை பாம்பனில். வலை, நைலான் நூல், கயிறு, மிதவை, ஈயக்குண்டு, அவுட்போர்டு எஞ்சின் சாமான் விற்கிறேன். முன்பக்கம் ரோடு, பின்பக்கம் தகரம் போட்ட குடோன், அதற்கும் பின்னால் கரை. இதற்கு முன்பு 2005 முதல் 2022 வரை சென்னை காசிமேட்டில் இதே வியாபாரம்தான். அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பினேன்.

திரும்பி வந்த நாளில் இருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான். “அங்கே ஒரே திருட்டு, வெட்டுக்குத்தாமே, எப்படி அத்தனை வருஷம் இருந்தே?” இருந்தேன், அவ்வளவுதான். கல்மண்டபத்தில் ஒரு தடவை என் செல்போனைப் பறித்துக்கொண்டு போனார்கள், கடை வாசலில் நின்ற பைக் ஒன்று காணாமல் போனது. பதினேழு வருஷத்தில் எனக்கு நடந்தது அது இரண்டும்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் போடும் புள்ளிவிவரத்தில் சென்னை பெருநகர வரிசையில் இருக்கும். லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்று கணக்கு. அங்கே செல்போன் போனால் ஸ்டேஷனுக்குப் போகிறோம், அது கணக்கில் ஏறுகிறது. இங்கே படகில் இருந்து பேட்டரி போனால் யார் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள்? சங்கத்தில் சொல்வோம், பெரியவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், பாதி நேரம் பேட்டரி தானாகவே படகுக்கு வந்துவிடும். அதனால் அந்த எண்ணை வைத்து ஊரையும் ஊரையும் ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் கேமரா விஷயத்தில் சென்னையைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். 2017-க்குப் பிறகு ஏ.கே. விஸ்வநாதன் கமிஷனராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்று சொல்லி, கடைக்காரர்கள், குடியிருப்புக்காரர்கள் எல்லோரையும் ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா வைக்கச் சொன்னார்கள். நானும் வைத்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனபோது போலீஸ்காரர் ஒருவர் பென்டிரைவோடு கடை கடையாக ஏறி இறங்கினார். என் கேமராவில் பைக் மட்டும் தெரிந்தது. அடுத்த கடையில் சட்டை நிறம். அதற்கு அடுத்த மெடிக்கல் ஷாப்பில் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிகிறான், முகம் பளிச்சென்று தெரிகிறது. அங்கே என் கேமரா மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்தது காப்பாற்றிவிடும். பாம்பனில் எனக்கு அடுத்த கேமராவே கிடையாது. என் குடோன் சுவரைத் தாண்டினால் முந்நூறு மீட்டர் இருட்டு, அப்புறம் கடல். இங்கே ஒரே கேமராதான் எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்று மாட்டும்போது தோன்றவில்லை.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

பகலில் படம் நன்றாக இருக்கிறது. முதல் ஒரு மாதம் போனிலேயே கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வீட்டில் திட்டு வாங்கும் அளவுக்கு. பிறகு தென்மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் காற்று வலுத்தது. ஆகஸ்டில் எல்லாப் படத்திலும் பனி மூடியது போல ஒரு மங்கல். கேமரா போய்விட்டது என்று நினைத்தேன். கண்ணாடியை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன், உப்பு. நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்ததும் தெளிந்தது. காற்றுக்காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற காலத்தில் மாதம் இருமுறை துடைக்கிறேன். பெட்டியோடு வந்த புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மாட்ட வந்தவர் “இரும்பு பாடி சார், உறுதி” என்று சொல்லி இரண்டு வெளிக் கேமராவை அந்த வகையில் கொடுத்தார். ஏழாவது மாதம் ஒன்றின் கழுத்து துருப்பிடித்து, தலை தொங்கித் தரையைப் பார்த்தது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமே அரிப்பு தாங்காமல் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திக்கொண்டது. அந்தப் பாலத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே நான் இரும்பை வாங்கியிருக்கிறேன். நம் கரைக்கு பிளாஸ்டிக் பாடிதான் சரி. வெயிலில் வெளுக்கும், பரவாயில்லை. ஸ்க்ரூ 316 ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும். படகு வேலைக்காரர்களிடம் கேட்டால் கையில் இருப்பதையே நாலு எடுத்துக் கொடுப்பார்கள்.

கேமராவை விட முதலில் போவது ஒயர் முனை. பித்தளை போல இருக்கும் அந்தச் சிறிய பிஎன்சி முனையில் பச்சைக் களிம்பு ஏறி, படத்தில் கோடு கோடாக விழும். மூன்று தடவை மாற்றினேன். இப்போது எல்லா முனையையும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு, கிரீஸ் தடவி, ஒயர் நுழையும் ஓட்டையை சிலிகான் வைத்து அடைத்திருக்கிறேன். பத்து மாதமாகத் தொந்தரவு இல்லை.

இரவுப் படம்தான் பெரிய ஏமாற்றம். இருட்டினால் கேமரா தானாகக் கறுப்பு வெள்ளைக்கு மாறி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் அடிக்கிறது. கேமராவைச் சுற்றிப் பூச்சி, பூச்சிக்குச் சிலந்தி, சிலந்திக்குப் பல்லி. குடோன் கேமராவில் ஒரு பல்லி குடும்பம் நடத்துகிறது. ஒட்டடைக்குச்சி இல்லாமல் கேமரா வாங்காதீர்கள்.

லென்ஸைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். கடைக்காரர் கொடுப்பது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். அகலமாகக் காட்டும், முற்றம், சுவர், தென்னை எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் தெரியாத ஆளை முகம் பார்த்து இவன்தான் என்று சொல்ல வேண்டுமானால், படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளியாவது விழ வேண்டும் என்பது கணக்கு. இரண்டு மெகாபிக்சல் படத்தின் குறுக்கே மொத்தமே 1,920 புள்ளி. அப்படியென்றால் அந்த லென்ஸில் முகம் தெரிவது சுமார் 10 அடி வரைதான். அதற்கு மேல் மனிதன் என்று தெரியும், யார் என்று தெரியாது. 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் அகலம் குறையும், ஆனால் 25 அடி வரை முகம் கிடைக்கும். குடோன் வாசலுக்கு நான் வாங்கியிருக்க வேண்டியது அதுதான். இப்போது வாங்கி மாட்டியிருக்கிறேன், களவு போன பிறகு.

களவு 2025 மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வெளியூர்க்காரர்கள் அப்போது எங்களுக்கு வியாபாரம் இல்லை என்று நினைப்பார்கள். படகை ஏற்றி வைத்து வலை சீர் பண்ணுகிற காலம் அதுதான். நூலும் ஈயமும் நன்றாகப் போகும். குடோனில் ஈயக்குண்டு நிறைய அடுக்கியிருந்தேன். ஒரு நாள் காலையில் எண்ணினால் 25 கிலோ மூட்டை இரண்டு குறைகிறது. பழைய இரும்புக் கடையில் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் சரக்கு.

ரெக்கார்டரை ஓட்டிப் பார்த்தேன். முந்தைய நாள் இரவு 8.50-க்குக் கடைப் பையன் குடோனில் இருந்து ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறான். கடை எட்டு மணிக்குச் சாத்துகிறோம். சாவி எங்கே தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். எனக்குக் கை நடுங்கியது. அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை, கல்லாப்பக்கம் வரவிடவில்லை. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் டீயை வைத்துவிட்டு, “அண்ணாச்சி, வேற ஆள் பாத்துக்குறீங்களா?” என்றான்.

அன்று இரவு அதே படத்தை நாலாவது தடவை போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. இரவு 8.50 படம் கலரில் இருக்கிறது. பையனின் சட்டை நீலம், மூட்டையில் பச்சைக் கயிறு. எந்த ஊரில் இரவு ஒன்பது மணிக்குக் கலரில் தெரியும்? ரெக்கார்டர் செட்டிங்கைத் திறந்தேன். நேர மண்டலம் சீனாவில் நிற்கிறது, நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். ஏப்ரலில் பாஸ்வேர்டு பிரச்சினைக்கு வந்த டெக்னீஷியன் பெட்டியை முழுசாக ரீசெட் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டி தன் சொந்த ஊர் நேரத்துக்குப் போய்விட்டது. 8.50 என்பது உண்மையில் மாலை 6.20. அந்த மூட்டை நானே தங்கச்சிமடத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிய மிதவை மூட்டை. பில் என் கையெழுத்தில் இருக்கிறது.

மறுநாள் பையனிடம் சொன்னேன். “தப்பு என்னுதுப்பா” என்று மட்டும்தான் வாயில் வந்தது. அவன் சிரித்தானா, முறைத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திருடனும் படத்தில் இருக்கிறான். விடிகாலை 2.10 போல, தலையில் துண்டு, நடுவில் சிலந்தி வலை. மனிதன் என்று தெரிகிறது. ஸ்டேஷனில் மனு கொடுத்தேன், ரசீது கொடுத்தார்கள், படத்தைப் பென்டிரைவில் கேட்டார்கள். ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் 65பி போய், பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவு வந்துவிட்டது. கேமரா பதிவு கோர்ட்டில் நிற்க வேண்டுமானால் அந்தப் பிரிவில் சொன்ன சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியைப் பெட்டி வைத்திருக்கும் நாம் தர வேண்டும், இன்னொன்றை நிபுணர். என் பெட்டி இரண்டரை மணி நேரம் தப்பாக ஓடியதையும் நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதும்போது வெட்கமாக இருந்தது. ஈயம் கிடைக்கவில்லை.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்றால், எனக்கு நாலு கேமராவுக்கும் சேர்த்துப் பதினைந்து நாள். அதற்கு மேல் பழையதை அழித்துக்கொண்டே போகும். வெளியூர் போய்விட்டு மெதுவாக வந்து பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

போன் ஆப் சுமார். அசைவு தெரிந்தால் அறிவிப்பு வரும் என்றார்கள். காற்றுக்காலத்தில் பனையோலை ஆடினாலும் அறிவிப்புதான், ஆடு, நாய் கணக்கு தனி. அணைத்துவிட்டேன். அதை விட மோசம், மாட்டியவரின் போன் நம்பரே ஆப்பில் உரிமையாளராக இருந்தது; என் கடையை அவர் வீட்டில் இருந்து பார்க்கலாம். பாஸ்வேர்டும் ஊருக்கே தெரிந்த 123456. இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராப் பெட்டிகளை வைத்துத்தான் 2016-இல் மிராய் என்ற வைரஸ் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. பெட்டி வந்த அன்றே இரண்டையும் மாற்றச் சொல்லி, உங்கள் கண் முன்னால் மாற்றினால்தான் காசு கொடுங்கள். இந்தியாவில் விற்கும் கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று 2025 ஏப்ரல் முதல் கட்டாயம். பழைய சரக்கை மலிவாகத் தள்ளுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

திசை விஷயத்தில் எனக்கு இரண்டு பாடம். பக்கத்து வீட்டு அக்கா வந்து, “தம்பி, எங்க கொல்லை உங்க டிவியில தெரியுதாமே” என்றார். தெரிந்தது, குளிக்கும் தொட்டி உட்பட. அன்றே திருப்பினேன். அடுத்து கரையைப் பார்த்திருந்த நாலாவது கேமரா. ஒரு பெரியவர் கடைக்கு வந்து கயிறு வாங்குகிற மாதிரி நின்றுவிட்டு, “கரையப் பாத்து வைக்காதப்பா” என்றார். 2023-இல் மண்டபம் பக்கம் கடலில் போட்ட கடத்தல் தங்கத்தை முக்குளித்து எடுத்த ஊர் இது. கடல் அட்டை பிடிக்க 2001-இல் தடை வந்தது, ஆனாலும் அட்டை வழக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. யார் எத்தனை மணிக்குப் படகை இறக்கினார்கள் என்ற பதிவு என் பெட்டியில் இருந்தால், யார் யாரோ கேட்டு வருவார்கள். ராத்திரி வலை எடுக்கப் போகிறவனும் அதில்தான் இருப்பான். சந்தேகமாக எதையாவது கண்ணால் பார்த்தால் 1093-க்கு அடிக்கலாம், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண், காசு கிடையாது. அதற்காக ஊர் முழுவதையும் படம் எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கேமரா இப்போது கல்லாவைப் பார்க்கிறது. கடன் நோட்டில் எழுதாமல் நூல்கண்டு எடுத்துப் போகிறவர்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது, கேமரா போட்ட காசு அங்கேதான் திரும்புகிறது.

சர்வீஸ்: தொங்கிய கேமராவுக்குச் சொல்லி பத்தொன்பதாவது நாள் வந்தார்கள். வந்தவர் நல்ல பையன்தான், ஏணி கொண்டுவரவில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை. பகல் கடைக்கு நாலு தரலாம், இரவுக் கரைக்கு ஒன்று. திரும்ப வாங்கினால் நாலு கேமராவுக்குப் பதில் இரண்டு, இரண்டும் 6 மில்லிமீட்டர், மிச்சக் காசுக்குக் குடோன் கதவில் ஒரு நல்ல பூட்டும் விடிய விடிய எரியும் ஒரு பல்பும்.

பையன் இன்னும் என்னோடுதான் இருக்கிறான். மாதம் முதல் தேதி கேமரா துடைப்பது அவன் வேலை. துடைத்து முடித்ததும் தன் போனில் மணியைக் காட்டி லென்ஸ் முன்னால் நீட்டுகிறான். நான் சொல்லவில்லை, அவனாகத்தான் ஆரம்பித்தான். ஹார்டு டிஸ்க் போன வாரத்தில் இருந்து டிக் டிக் என்கிறது. மூன்று வருஷ வாரண்டி என்று பில்லில் போட்டிருந்த ஞாபகம். பில்லைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.